மார்பகக் கட்டி: புற்றுநோய் அபாயத்தை உணர்த்தும் மரபணு வெளிப்பாடு

மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. எனினும், சில வகைக் கட்டிகள் பிற்கால அபாயத்தை உணர்த்தக்கூடும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1967 முதல் 1991 வரை திசுப் பரிசோதனை செய்துகொண்ட, சாதாரணக் கட்டி கொண்ட 9,087 பெண்கள் சுமார் 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். அவர்களில் 707 பேருக்குப் பின்னர் மார்பகப் புற்றுநோய் ஏற்பட்டதாக 2005-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவித்தது. செல்கள் இயல்பு மாறிப் பெருகியிருந்தவர்களுக்கு அபாயம் வழக்கத்தைவிட 4.24 மடங்கு, செல் பெருக்கம் இல்லாதவர்களுக்கு 1.27 மடங்கு.

இயல்பு மாறிய செல்கள் கொண்ட அனைவருக்கும் புற்றுநோய் வருவதில்லை. யாருக்கு அபாயம் அதிகம் எனப் பிரித்தறியவே மரபணுக்களின் செயல்பாடு ஆராயப்படுகிறது. அழற்சியுடன் தொடர்புடைய 'காக்ஸ்-2' நொதி இத்தகைய திசுக்களில் மிகுதியாக வெளிப்படும்போது அபாயமும் கூடுவது கண்டறியப்பட்டுள்ளது.

ஆயினும், அபாயம் கூடுதல் என்பதாலேயே நோய் உறுதியாகிவிடாது. மருத்துவர் அறிவுறுத்தும் தொடர் கண்காணிப்பே இவர்களுக்கு முக்கியம்.