எருசலேம் விவிலிய ஆய்வுப் பள்ளி

எருசலேமின் தமஸ்கு வாயிலுக்கு வடக்கே, தொமினிக்கன் சபையின் புனித ஸ்தேவான் மடத்தில் இயங்கும் ஆய்வு நிறுவனமும் நூலகமும் இது. 1890 நவம்பர் 15 அன்று மரி-ஜோசப் லக்ராஞ்ச் என்னும் பிரெஞ்சுத் துறவி இதைத் தொடங்கியபோது, பழைய இறைச்சிக்கூடம் ஒன்றே வகுப்பறை. ஆடுமாடுகளைக் கட்டிய வளையங்கள்கூடச் சுவரில் இருந்தன. விவிலியத்தை அது பிறந்த மண்ணில் வைத்தே படிக்க வேண்டும், ஏடும் நிலமும் ஒன்றையொன்று சோதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பள்ளி நிலைத்ததற்குக் காரணம் இந்தக் கொள்கைதான். 1892இல் ‘ரெவ்யூ பிப்ளிக்’ இதழ் வந்தது. பள்ளியின் துறவிகளான ஜோசேன், சவிஞாக் ஆகிய இருவரும் அரேபியப் பாலையில் நபத்தேயர் கல்வெட்டுகளைப் படியெடுத்தார்கள். 1920இல் பிரெஞ்சு அரசு இதைத் தொல்லியல் பள்ளியாக ஏற்றது. நூலகமும் அதே போக்கில் வளர்ந்தது. நூல்களை இரவல் தருவதில்லை. ஆனால் இதழ்க் கட்டுரைகளும் அட்டவணையில் தனித்தனியே பதிவாகின்றன. ஒரு விவிலியப் பகுதியைச் சொல்லித் தேடினால் அதைப் பற்றி எழுதியவை கிடைக்கும்.

திருச்சபைக்குக் கட்டுப்பட்ட துறவிகள் எப்படிச் சுதந்திரமாக ஆராய முடியும் என்ற கேள்வி நியாயமானது. விலை கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. லக்ராஞ்சின் தொடக்கநூல் உரை அச்சேற அனுமதி கிடைக்கவில்லை. 1912இல் அவருடைய சில நூல்களைக் குருமடங்களில் பயன்படுத்தக் கூடாது என்று உரோமை தடுத்தது. அவர் எருசலேமை விட்டுப் போனார், மறு ஆண்டு திரும்பி வந்தார். ஆயினும் அவர் முறை அழியவில்லை. பழங்கால இலக்கிய வகைகளை அறிந்தே விவிலியத்தை விளக்க வேண்டும் என்று 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸின் சுற்றுமடலே வலியுறுத்தியது. லக்ராஞ்ச் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். பள்ளி முன்னின்று உருவாக்கிய ‘எருசலேம் விவிலியம்’ என்னும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1956இல் ஒரே தொகுதியாக வெளிவந்தது.

இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. 1951 முதல் 1956 வரை சாக்கடல் அருகே கும்ரானில் அகழாய்வு நடத்திய பள்ளியின் துறவி ரோலான் தெ வோ, அப்பகுதிக் குகைகளில் கிடைத்த பழைய ஏடுகளான சாக்கடல் சுருள்களின் பதிப்புக் குழுவுக்கும் தலைவர். அந்தக் குழுவில் யூத அறிஞர் எவரும் இல்லை. பதிப்புப் பணி பல பத்தாண்டுகள் இழுத்தது. 1991இல்தான் சுருள்கள் எல்லா ஆய்வாளர்களுக்கும் பார்க்கக் கிடைத்தன. இதற்குச் சமாதானம் சொல்ல இயலாது. கும்ரானை ஒரு துறவுச் சமூகத்தின் இருப்பிடமாகத் தெ வோ கண்டதற்கு அவருடைய துறவற வாழ்வே காரணம் என்பாரும் உண்டு. ஆனால் குழி குழியாக, நாள்வாரியாக அவர் எழுதிய குறிப்புகளைப் பள்ளி பாதுகாத்தது. 1971இல் அவர் இறக்கும்போது முழு அறிக்கை வெளிவந்திருக்கவில்லை. 1994இல் அந்தக் குறிப்புகளையும் ஒளிப்படங்களையும் பள்ளியே நூலாக்கியது. அவருடைய முடிவை மறுப்பவர்களும் இன்று அவர் குறிப்புகளிலிருந்தே சான்று எடுக்கிறார்கள்.