சுவிஸ் பாடசாலையும் எங்கட பிள்ளைகளின் கேள்விகளும்

இரண்டாம் உலக மகாயுத்தத்தைப் பற்றிச் சுவிஸ் மக்கள் நெடுங்காலமாக ஒரே கதையைத்தான் சொல்லி வந்தார்கள். சிறிய நாடு. சுற்றிவர ஹிட்லரின் படை. ஜெனரல் கிசானின் தலைமையில் இராணுவம் அல்ப்ஸ் மலைகளில் அரண் அமைத்தது. நாடு தப்பியது. இது பொய் இல்லை; ஆனால் முழுக்கதையும் இல்லை.

விடுபட்ட பகுதி அகதிகளைப் பற்றியது. 1938இல் சுவிசும் யேர்மனியும் பேசி முடித்ததன் பின்னர், யேர்மன் யூதரின் கடவுச்சீட்டுகளில் 'ஜே' என்ற எழுத்து குத்தப்பட்டது. 1942 ஓகஸ்டில் எல்லை மூடப்பட்டது. இனத்தின் காரணமாக மட்டும் தப்பி வந்தவர்கள் அரசியல் அகதிகள் அல்லர் என்றார்கள் அதிகாரிகள். சென்காலன் மாநிலப் பொலிஸ் தலைவர் போல் குருணிங்கர், முந்திய திகதிகளைப் பதிந்து நூற்றுக்கணக்கான யூதரை உள்ளே விட்டார். 1939இல் வேலை பறிபோனது. பிறகு நீதிமன்றம் தண்டித்தது. 1972இல் வறுமையில் இறந்தார். 1995இல்தான் சென்காலன் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது.

1996இல் பேராசிரியர் பெர்ஜியே தலைமையில் ஆணைக்குழு அமைக்கப்பட்டு, 2002இல் இறுதி அறிக்கை வந்தது. அதன் அடிப்படையில் 2006இல் சூரிச் மாநிலப் பாடநூல் வெளியீட்டகம் மேல்வகுப்பு மாணவருக்கு ஒரு புத்தகம் வெளியிட்டது. அதன் பெயரின் கருத்தே 'உற்றுப் பார், கேள்வி கேள்' என்பதுதான். நாட்டைக் குறை சொல்லும் புத்தகம் எண்டு எதிர்ப்பும் வந்தது.

எல்லையில் 20,000க்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர் என்றது ஆணைக்குழு. அந்த எண்ணிக்கை கூடிப்போச்சு எண்டு வேறு ஆய்வாளர் வாதிட்டனர். இரண்டு முறை திருப்பப்பட்ட ஒருவர் இரண்டு பேராக எண்ணப்பட்டாரா? எல்லோரும் யூதரா? மாணவர் கற்கவேண்டியது இதைத்தான்: யார் எண்ணினது, எந்தப் பதிவை வைத்து, யாருடைய குரல் அதில் இல்லை? விடையைப் பாடமாக்குவதை விட இது கடினம்.

இந்தப் பழக்கத்தோடுதான் எங்கட பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டதையும், 1983 யூலையையும் நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியது ஏன் எண்டு பிள்ளை கேட்டால்? "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு?" எண்டு வாயை அடைக்கிறோமா?

எங்கட நியாயம் பழுதாகிப்போகும் எண்டு சிலர் பயப்படுகினம். அகதிகளுக்கு உதவித் தண்டனை பெற்றோரின் தீர்ப்புகளை நீக்கும் சட்டம் இங்கே 2004இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் சுவிஸ் சிறுத்துப் போகவில்லை. தன்ர பிழையையும் சொல்லுறவன் பேச்சைத்தான் மற்றவன் நம்புவான். இலங்கைப் பாடப்புத்தகங்கள் எங்களுக்கு நடந்ததை எழுதவேண்டும் எண்டு கேட்கிற நாங்கள், எங்களவர் செய்ததையும் எழுதவேண்டும்.

பெற்றோரே, பிள்ளை கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, பத்திரிகையில் வாசித்தது எது எண்டு பிரித்துச் சொல்லுங்கள். நாங்கள் கொண்டுவந்த வரலாற்றில் பெரும்பகுதி எங்கட நினைவில்தான் இருக்கிறது. அதைக் கேள்வி கேட்கிற பிள்ளைதான் நாளைக்கு அதைக் காப்பாற்றவும் போகிறது.