கருங்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான இருட்டு நடை உண்டு. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே விளக்குடன் நுழைந்து பார்த்தபோது, உதிர்ந்த நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் தெரிந்தது. இந்தச் செய்தி நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த ஓவியத்தைத் தாங்கி நின்றது எது என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. கருங்கல் சுவர் மேல் பூசிய சுண்ணாம்புச் சாந்துதான் அது. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலார் எஸ். பரமசிவன் அதை ஆராய்ந்து, சாந்து ஈரமாக இருந்தபோதே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்று கண்டார். 1010-இல் கோயில் முடிந்தது என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் வருடமாக அந்தப் பூச்சு கல்லை விட்டு விலகவில்லை.

சுண்ணாம்புக்கு இந்தப் பிடிப்பு எங்கிருந்து வருகிறது? சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்துப் பொங்கி மாவாகும். அதை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். கல்லில் பிறந்து கல்லாகவே முடிகிறது. இதற்கு அவசரம் ஆகாது. மாதக் கணக்கில், ஏன், வருடக் கணக்கில்கூட இறுகிக்கொண்டே இருக்கும்.

என் வயதுக்காரர்களுக்குச் சுண்ணாம்பு அரைக்கும் செக்கு நினைவிருக்கும். வட்டமான பள்ளத்தில் கல் உருளை. அதை இழுக்க ஒரு ஜோடி மாடு. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை அதில் ஊற்றுவார்கள். சிறுவர்கள் வெல்லத்தைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் கடுக்காய் சேர்க்கிறார்கள் என்று எங்களைக் கேலி செய்வார்கள். உண்மைக் காரணம் வேறு. வெல்லம் கரைந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும். சாந்து இழைந்து வரும். செட்டிநாட்டில் மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்தார்கள். சென்னையின் இந்தப் பூச்சு வெள்ளைக்காரர்களிடையே பளிங்குக்கு நிகராகப் பேசப்பட்டது. நம் ‘சுண்ணம்’ அவர்கள் வாயில் ‘சுனாம்’ ஆகி ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது.

பிறகு சிமெண்ட் வந்தது. 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமம் பெற்ற சரக்கு. இந்தியாவில் முதன்முதலில் செய்து பார்த்ததும் நம் சென்னையில்தான், 1904-இல், அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் நிலைத்தது. 1939-இல் டால்மியாபுரம், 1949-இல் தாழையூத்து என்று நம் பக்கமும் ஆலைகள் வந்தன. காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மறுநாளே இறுகிவிடும் சாந்து இருக்கும்போது, மாடு கட்டி அரைக்க யாருக்குப் பொறுமை?

புதுக் கட்டடத்துக்குச் சிமெண்ட் நல்லதுதான். பழைய கல் சுவரில்தான் சிக்கல். அந்தச் சுவர்கள் ஒரே கல் அல்ல. வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவே மண்ணும் சுண்ணாம்பும் சிறு கற்களும். அஸ்திவாரத்தில் ஈரம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். கருங்கல் தண்ணீரை அதிகம் குடிக்காது. ஈரம் இணைப்புகளின் வழியாகத்தான் ஏறும், இறங்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால் ஏறிய ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். மேலே சிமெண்டைப் பூசினால் வாசல் அடைபட்ட மாதிரி. ஈரம் உள்ளேயே தங்கும், இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், பூச்சைத் தள்ளும்.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகம் நூறு வருடக் கருங்கல் கட்டடம். இடுப்புயரம் வரை காரை உதிர்ந்திருந்தது என்று சிமெண்ட் பூசினார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் ஓதம் தோளுயரத்துக்கு வந்துவிட்டது. சுவரோரம் இருந்த பதிவேடுகள் பூஞ்சை பிடித்தன. அதைப் பார்க்க வந்த வயதான கொத்தனார் சுவரைத் தட்டிவிட்டு, “மூக்கைப் பொத்திட்டீங்களே சார், வாயாலதானே மூச்சு விடும்” என்றார். அவர் சொன்னதைவிட விளக்கமாக எந்தப் பொறியாளரும் எனக்குச் சொன்னதில்லை.

இதில் வெப்பக் கணக்கும் இருக்கிறது. நனைந்த சுவர் உலர்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சுவர் உலர்ந்திருந்தாலே வீடு பாதி குளிர்ச்சி. ஐரோப்பாவில் இப்போது பழைய கல் வீடுகளுக்குச் சுண்ணாம்போடு சணல் இனச் செடியின் தண்டுச் சக்கை, தக்கைத் தூள், பெர்லைட் போன்ற லேசான பொருள்களைக் கலந்து பூசுகிறார்கள். அவற்றுக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. ஆவி போகவும் வழி இருக்கிறது. புதுமை என்று நினைக்க வேண்டாம். எல்லோராக் குகைகளின் மண் பூச்சிலேயே கஞ்சாச் செடியின் நார் கலந்திருப்பதை நம் தொல்லியல் அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள்.

டெல்லி ஹுமாயூன் கல்லறையில் 2013-இல் முடிந்த சீரமைப்பில், முந்தைய தலைமுறையினர் கூரையில் ஏற்றிய சுமார் 10 லட்சம் கிலோ கான்கிரீட்டை அகற்றினார்கள். சுவரின் சிமெண்டையும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினார்கள். நம் சேப்பாக்கம் அரண்மனையில் 2012 தீ விபத்துக்குப் பிறகும் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம்தான் கைகொடுத்தன.

எங்கள் தெருவில் இன்னும் நான்கு கருங்கல் வீடுகள் மிச்சம். ஒன்றில் வரும் சித்திரையில் சிமெண்ட் பூசப் போவதாகப் பேச்சு. அந்த வீட்டுப் பையனிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பழைய சிமெண்ட் இருந்தால் கொத்தி எடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவரை உலர விடுங்கள். இணைப்புகளைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசுங்கள். ஒவ்வொன்றும் இறுக நாள் கொடுங்கள். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும். செலவு கூடத்தான் செய்யும். வேலை தெரிந்த கைகளும் குறைவு. பையன், “யோசிக்கிறேன் தாத்தா” என்றிருக்கிறான். சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவனை அவரிடம் அழைத்துப் போக ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்திருக்கிறேன்.