லெசித்தின்

சாக்லேட் உறையின் பின்பக்கப் பொடி எழுத்தில் ‘எமல்சிஃபையர் (322)’ என்று இருந்தால், அது லெசித்தின். கிரேக்கத்தில் ‘லெகிதோஸ்’ என்றால் முட்டையின் மஞ்சள் கரு. அதிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்த பிரெஞ்சு வேதியியலாளர் தியோடோர் கோப்லே, 1850இல் இப்பெயரைச் சூட்டினார்.

இதன் மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் இரண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வால்கள் எண்ணெயோடுதான் சேரும். மயோனைஸ் அடிக்கும்போது எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைகிறது. ஒவ்வொரு துளியையும் லெசித்தின் சூழ்ந்து, வாலை உள்ளே செருகி, தலையை வெளியே நீட்டி நிற்கிறது. துளிகள் மறுபடி ஒன்றுகூட வழியில்லை. அவசரப்பட்டு எண்ணெயை மளமளவென்று ஊற்றினால் மட்டும் திரிந்துபோகும்.

சாக்லேட்டில் தண்ணீரே கிடையாது என்று சொல்லலாம். அங்கே இதன் வேலை வேறு: சர்க்கரைத் துகள்கள்மேல் படிந்து, அவை கொக்கோ வெண்ணெயில் வழுக்கி நகரச் செய்வது. அரை சதவீதம் போட்டாலே குழம்பு இளகிவிடும். முகக் கிரீம், பெயிண்ட் ஆகியவற்றிலும் சேர்ப்பதுண்டு.

பெயரில் முட்டை இருக்கிறதே என்று சைவர்கள் பதற வேண்டாம். இன்று சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி, சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிசினாக ஒதுங்குவது. சோயா ஒவ்வாதவர்களுக்குச் சூரியகாந்தி லெசித்தினும் உண்டு.