பள்ளித் திரையும் பெற்றோர் தீர்ப்பும்: சிறுவர்க்கான படத் தேர்வில் யாருக்கு என்ன உரிமை?

இந்தியத் திரைப்படச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம், ‘யு/ஏ’ என்னும் ஒற்றைப் பிரிவை 7, 13, 16 என்ற வயதுகளை வைத்து மூன்றாக்கியது. அப்போது நடந்த பேச்செல்லாம் இந்த எண்களைப் பற்றியே இருந்தது. ஆய்வாளர் கண்ணில் பட வேண்டியது அதன் அருகிலேயே உள்ள இன்னொரு விதி. இந்த வயதுக் குறிப்பு பெற்றோரும் பாதுகாவலரும் எண்ணிப் பார்ப்பதற்காகவே தரப்படுகிறது. அவர்களைத் தவிர வேறெவரும் அதை வற்புறுத்தி நடைமுறைப்படுத்த முடியாது என்கிறது அந்த விதி. 13 வயதுக் குறியிட்ட படத்துக்கு எட்டு வயது மகளை ஒருவர் அழைத்து வந்தால், வாயிலில் சீட்டு கிழிப்பவர் தடுக்க இயலாது. தீர்ப்பு தந்தையுடையது.

ஒரு பிள்ளை, அதன் பக்கத்தில் ஒரு பெரியவர்: சட்டத்தின் கற்பனையில் இருக்கும் காட்சி இவ்வளவுதான். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், திரை ஒன்று, பெற்றோர் ஒருவரும் இல்லை. வீட்டுக்குள் செல்லுபடியாகும் தீர்ப்புரிமையைப் பள்ளிக்குள் அப்படியே கொண்டுவர முடியாது என்பதும், அதற்காகப் பெற்றோரை வெளியே நிறுத்திவிடவும் கூடாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். படத்தைத் தடுக்கும் அதிகாரத்தைக் காட்டிலும், தம் பிள்ளை எதற்கு அஞ்சும் என்று சாட்சி சொல்லும் இடமே பெற்றோருக்கு உரியது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் ‘யு’, ‘ஏ’ என இரண்டே பிரிவுகள் இருந்தன. 12 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் வழிகாட்டல் தேவை என்னும் ‘யு/ஏ’ 1983இல் வந்தது. அதைப் பிரிக்க வேண்டும் என்று ஷியாம் பெனகல் குழு 2016இல் பரிந்துரைத்தது. இணையத் திரைத் தளங்களுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள் வயதுவாரிக் குறியீட்டைக் கட்டாயமாக்கின. வயதுக் கோடுகள் நுணுகிக்கொண்டே வந்திருக்கின்றன. பொறுப்பு வீட்டை நோக்கி நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இந்தப் பாதை நெடுகிலும் பள்ளி என்ற இடம் எவர் நினைவுக்கும் வரவில்லை.

ஆனால் பள்ளியில் படம் ஓடத்தான் செய்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ‘சிறார் திரைப்பட விழா’வைத் தொடங்கியது. மாதம் ஒரு படம், பின்னர் கலந்துரையாடல். முதலில் தேர்ந்தெடுத்தது சாப்ளினின் 1921ஆம் ஆண்டு மௌனப் படமான ‘தி கிட்’. என் மதிப்பில் இது துணிவான, நல்ல தேர்வு. நம் சிக்கலையும் இதைப்போல் தெளிவாகக் காட்டும் படம் வேறில்லை.

பொருத்தம் பார்க்கும் பெரியவர் இப்படத்தில் எதைக் குறித்துக்கொள்வார்? மணமாகாத தாய் கைக்குழந்தையைக் கைவிடுகிறாள். வளர்ந்த சிறுவன் கல்லெறிந்து சன்னல் கண்ணாடிகளை உடைக்கிறான். வளர்ப்புத் தந்தை பின்னாலேயே கண்ணாடி பொருத்துபவராக வந்து காசு பார்க்கிறார். காவலர் ஏமாற்றப்படுகிறார். தெருச் சண்டை உண்டு. கனவுச் சொர்க்கத்தில் சிறகு முளைத்தவர்களின் காதல் சேட்டையும் உண்டு. நன்னடத்தையை அளவுகோலாக வைத்தால், படம் முதல் அரைமணியிலேயே தோற்றுவிடும். பிள்ளைகளோ கண்ணாடி உடையும்போது சிரிக்கிறார்கள், அதோடு சரி. அவர்களைக் கலங்கடிக்கக்கூடிய இடம் வேறு: அநாதை விடுதி அதிகாரிகள் சிறுவனைப் பிடுங்கி வண்டியில் ஏற்றுவதும், அவன் கை நீட்டிக் கதறுவதும். பெரியவரின் பட்டியலில் இந்தக் காட்சி வராது. அதில் ஆபாசமில்லை, இரத்தமில்லை, கெட்ட வார்த்தைக்கு வாய்ப்பே இல்லை. பதின்மூன்று வயது மாணவி இக்காட்சியைத் தாங்குவாள். அதனால் வளரவும் செய்வாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, அதிலும் பாட்டி வீட்டில் விடப்பட்டு வளரும் பிள்ளை, எப்படித் தாங்கும் என்பது வேறு கேள்வி.

அச்சம் வயதுக்கேற்ப உருமாறுவதை உளவியல் முன்பே காட்டியிருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் ஜோன் கேன்டரும் கிளென் ஸ்பார்க்ஸும் ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ என்ற தொலைக்காட்சித் தொடரை வைத்து ஆராய்ந்தனர். நாயகன் பச்சை உடல் பூதமாக மாறுவது நல்லவர்களைக் காக்கவே என்று மூத்த பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். அந்த உருமாற்றத்தில் அவர்களுக்கு அச்சம் குறைவு. பள்ளி சேரும் முன்னுள்ள குழந்தைகள் அஞ்சியது அங்கேதான். தோற்றம் சிறு குழந்தையை உலுக்குகிறது. நடக்கக்கூடியது என்று மனம் ஒப்பும் ஆபத்து பெரிய பிள்ளையை உலுக்குகிறது. தம் பிள்ளைகள் எதைப் பார்த்து மிரண்டார்கள் என்று பெற்றோர் சொன்ன தகவல்களும் இவ்வகை ஆய்வுகளுக்கு ஆதாரமாக இருந்தன. பெற்றோரின் அறிவு எவ்வகையானது என்பதற்கு இது நல்ல சான்று. தம் பிள்ளை இரவில் எதற்கு எழுந்து அழுதது என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எது நல்லது என்பது தெரியும் என்பதற்கு இதனால் ஆதாரம் கிடைத்துவிடாது.

இங்கே பள்ளி மேலாண்மைக் குழுவை நினைத்துப் பார்க்கத் தோன்றும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. படத் தேர்வை அவர்களிடமே கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். எனக்கு உடன்பாடில்லை. குழு ஊரின் அதிகார அடுக்குக்கு வெளியே இயங்குவதில்லை. 2014ஆம் ஆண்டுக்கான சிறந்த சிறுவர் படத் தேசிய விருது பெற்ற, மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யை எடுத்துக்கொள்வோம். சிறுவர்கள் தண்டவாளத்தோரம் நிலக்கரி பொறுக்குகிறார்கள், தந்தை சிறையில் இருக்கிறார், பீட்சாக் கடை வாயிலில் சிறுவன் அறை வாங்குகிறான். ‘பிள்ளைகள் மனம் கெடும்’ என்று எழும் எதிர்ப்புக்குள், ‘நம் தெருவைப் பற்றி ஏன் இப்படிக் காட்டுகிறார்கள்’ என்ற சங்கடமோ, ‘அவர்கள் வாழ்க்கை நம் பிள்ளைக்கு எதற்கு’ என்ற விலக்கமோ ஒளிந்திருக்கலாம். சாதி பேசும் படமென்றால் சொல்லவே வேண்டாம். குரல் உரத்தவரின் கூச்சம், ஒரு வகுப்பு முழுவதற்குமான தடையாகிவிடும்.

மறுபுறம், ‘விரும்பாதவர் தம் பிள்ளையை மட்டும் விலக்கிக்கொள்ளலாம்’ என்ற ஏற்பாடு தாராளமாகத் தோன்றும். நடைமுறையில் அது பிள்ளையைத் தண்டிக்கிறது. எல்லாரும் படம் பார்க்கும்போது தலைமையாசிரியர் அறையில் தனித்து உட்கார வைக்கப்படும் சிறுவனுக்கு, படத்தில் இருப்பதைவிடப் பெரிய காயம் அங்கேயே கிடைத்துவிடும். விலக்கு இருக்கத்தான் வேண்டும். அதைக் கடைசி வழியாக வைக்க வேண்டும். முதல் வழி எது என்பதற்கு டென்மார்க்கின் விதி ஒரு குறிப்புத் தருகிறது: அங்கே 7 வயது நிறைந்த குழந்தை, பெரியவர் உடன் வந்தால், எந்த வயதுக் குறியிட்ட படத்துக்கும் போகலாம். பக்கத்தில் இருக்கும் மனிதரே முதன்மையான பாதுகாப்பு என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. நம் வகுப்பறையில் அந்த மனிதர் ஆசிரியர். எந்தப் படம், எதற்காக, எந்தப் பாடத்தையொட்டி, பார்த்த பின் என்ன பேசுவது என்று கோத்துப் பார்க்கக்கூடியவர் அவரே என்பதால், தேர்வும் அவரிடம் இருப்பதே முறை.

ஆயின் தேர்வை அவர் மறைவாகச் செய்ய வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் பணிகளினூடே படம் திரையிடுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அதற்கு அது ஏற்கும் பார்வையாளர்கள் யாரெனில், ஆசிரியரும் மாணவரும், கூடவே பெற்றோரும் பாதுகாவலரும். தணிக்கைச் சட்டம் நினைத்துப் பார்க்காத காட்சியை, பதிப்புரிமைச் சட்டம் எப்படியோ நினைத்துப் பார்த்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டும் முன், ஒரு மாலையில் படத்தைப் பெற்றோருக்குப் போட்டுக் காட்ட இது வழிவிடுகிறது. அந்த மாலையில் ‘இதைக் காட்டலாமா, கூடாதா’ என்று வாக்கெடுப்பு நடத்தக் கூடாது. ‘உங்கள் பிள்ளைக்கு எந்த இடம் கடினமாக இருக்கும்?’ என்று கேட்க வேண்டும். அண்மையில் தாயை இழந்த பிள்ளை வகுப்பில் இருப்பதை அங்கே ஒரு சித்தி சொல்லிவிடுவார். அதைக் கேட்ட ஆசிரியர் படத்தை மாற்றலாம், தள்ளிப்போடலாம், அல்லது அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காரலாம்.

கூலி வேலை முடித்து வரும் பெற்றோருக்கு இதற்கு நேரமேது என்ற கேள்வி நியாயமானது. சாப்ளின் பின்னாளில் சுருக்கி வெளியிட்ட ‘தி கிட்’ ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும். படிக்கத் தெரியாதவரும் மௌனப் படத்தை ஏறக்குறைய முழுதாகப் பின்தொடரலாம். வர முடியாதவர்களுக்குக் கதைச் சுருக்கமும் கலங்க வைக்கும் காட்சிகளின் குறிப்பும் ஒரு பக்கத்தில் போதும். இவற்றைவிட அவசரமான குறை ஒன்று உண்டு. சிறார் திரைப்பட விழாவில் தேர்வும் உரையாடலுமாவது இருக்கின்றன. அது 6ஆம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே, மிக எளிதில் மிரளக்கூடிய வயதில், விடுமுறைக்கு முந்தைய பிற்பகலிலோ ஆசிரியர் வராத பாடவேளையிலோ, கைக்குக் கிடைத்த படம் வகுப்பறைத் திரையில் ஓடினால், அதை யார் தேர்ந்தெடுத்தார் என்று கேட்கக்கூட ஓர் ஏற்பாடு இல்லை. பெற்றோர் மாலைகளை ஆரம்பப் பள்ளியிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.