செட்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டை

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு அட்டைப்பெட்டி கைக்கு வந்தது. உள்ளே சாம்பல் நிற பிளேஸ்டேஷன் ஒன்று, இரண்டு கண்ட்ரோலர், ஒரு மெமரி கார்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய 34 சிடிகள். கொடுத்தது எங்கள் தெரு மதினி. "உங்க அண்ணன் போனதுக்கப்புறம் இது பரண்லயே கெடக்கு தம்பி. பழைய சாமான்காரன்ட்ட போட மனசு வரல. நீதான் அன்னைக்கு இதுலயே கெடந்தவன். ஓடுதான்னு பாரு" என்றார்.

ஊர் என்றால் ஆலங்குளம். தென்காசிப் பக்கம் இருக்கும் ஆலங்குளம் இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம். (பெங்களூரில் ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.) அண்ணன் டிவி மெக்கானிக். உறவு கிடையாது, தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். 1999 வாக்கில் கடையின் முன்பக்கம் ஒரு பழைய 21 இஞ்ச் டிவியை வைத்து, மணிக்குப் பத்து ரூபாய் என்று பிளேஸ்டேஷன் ஓட்டினார். செட்டை சென்னை பர்மா பஜாரில் வாங்கினார், சிப்பை ரிச்சி தெருவில் வாங்கி வந்து அவரே பற்றவைத்தார் என்பது அப்போதே எங்களுக்குத் தெரியும். "சிப் போட்ட செட்" என்பது ஒரு பெருமை. அந்தச் சிப் என்ன செய்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நான் அப்போது பிஇ முதல் வருடம். மற்ற பையன்களைவிட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது.

செட்டைப் பெங்களூர் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தேன். பாட்டுச் சிடி பாடியது. நண்பரிடம் ஒரு ஒரிஜினல் கேம் சிடி கடன் வாங்கிப் போட்டேன், ஓடியது. அண்ணனின் சிடி எதைப் போட்டாலும், பிளேஸ்டேஷன் சிடியைப் போடச் சொல்லி ஒரு திரை வந்து நின்றுவிட்டது.

பழைய செட் வைத்திருப்பவர்கள் பெரும்பாலோர் இந்த இடத்தில் லென்ஸைக் குறை சொல்வார்கள். லென்ஸ் பழுதானாலும் நகல் சிடிதான் முதலில் அடிபடும்; எழுதும் சிடி, அச்சடித்த சிடி அளவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பாது. ஆனால் லென்ஸ் கோளாறு பெரும்பாலும் வேறு மாதிரி தெரியும்: சிடி சுற்றிக்கொண்டே இருக்கும், படம் திக்கும், பாதியில் கறுப்பாகும். இங்கே செட் சிடியைப் படிக்கிறது, படித்துவிட்டு "இது என் சிடி இல்லை" என்கிறது. உறுதி செய்துகொள்ள, கடன் வாங்கிய ஒரிஜினலையே குறைந்த வேகத்தில் ஒரு நகல் எழுதினேன். ஒரே கேம், ஒரே செட். ஒரிஜினல் ஓடியது, நகல் மறுக்கப்பட்டது. ஆக, பழுது சிப்பில் அல்லது அதன் ஒயரில்.

சோனி வைத்த பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிளேஸ்டேஷன் ஜப்பானில் 1994 டிசம்பர் 3 அன்று வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1995 செப்டம்பரில். ஒரிஜினல் சிடிகளின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புதான் ரகசியம், அதனால்தான் காப்பி எடுக்க முடியவில்லை என்று எங்கள் தெருவில் சத்தியம் செய்வார்கள். கறுப்புக்கும் பூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. லேசருக்கு அந்தக் கறுப்பு கண்ணாடி மாதிரிதான்.

சிடியின் தகவல், உள்ளிருந்து வெளியே போகும் ஒரே சுருள் பாதையில் இருக்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவே 1.6 மைக்ரான் இடைவெளி. சோனி தன் ஆலையில் சிடி அச்சடிக்கும்போது, உள்வட்டத் தொடக்கப் பகுதியில் இந்தப் பாதையை மிக நுணுக்கமாக இடம் வலமாக நெளியவிட்டது. வண்டித்தடம் நேராகப் போகாமல் லேசாக அசைந்து போவதைப் போல. தடத்தை விடாமல் பிடிக்க லென்ஸும் கூடவே அசையும். அந்த அசைவிலிருந்து டிரைவின் கட்டுப்பாட்டுச் சில்லு நான்கு எழுத்துகளைப் படித்துக்கொள்ளும். ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. எழுத்து சரியாக இருந்தால்தான் கேம் தொடங்கும்.

கணினியில் சிடியை நகலெடுக்கும்போது தகவல் மொத்தமும் வந்துவிடும், நெளிவு வராது. அது தகவலாகவே இல்லையே, பாதையின் வடிவம். எழுதும் வெற்றுச் சிடிக்கு ஏற்கெனவே அதன் ஆலை போட்ட வேறொரு நெளிவு உண்டு. அதை எந்த ரைட்டராலும் மாற்ற முடியாது. பூட்டைத் தரவில் வைக்காமல் பொருளில் வைத்தார்கள். பல வருடம் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்த யோசனைக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

மாட்சிப் இந்தப் பூட்டை உடைப்பதில்லை. சிடி நெளியாவிட்டால் பரவாயில்லை, அந்த நான்கு எழுத்தை நானே சொல்கிறேன் என்று கட்டுப்பாட்டுச் சில்லின் காதில் ஓதுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பெரிய மூளை தேவையில்லை. அந்தக் காலத்துச் சிப்கள் பெரும்பாலும் மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக்12சி508. எட்டுக் கால், 512 கட்டளைக்கு இடம், 25 பைட் நினைவகம். எழுத்துகள் விநாடிக்கு 250 பிட் வேகத்தில், அதாவது ஒரு பிட்டுக்கு 4 மில்லிசெகண்ட் என்று போகும். இன்றைய கணக்கில் நத்தை.

மூடியைக் கழற்றினேன். மாடல் எஸ்சிபிஎச்-5502, உள்ளே பியூ-18 பலகை. சிப்பின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டியிருந்தார்கள்; விற்கிறவர்கள் அப்போது அப்படித்தான் செய்வார்கள். ஆனால் முதல் காலில் சப்ளை, எட்டாவது காலில் எர்த் என்று பார்த்ததும் பிக் வகை என்று புரிந்தது. நான்கு ஒயர்: சப்ளை, எர்த், எழுத்தைச் சொல்லும் டேட்டா ஒயர், சிடியிலிருந்து வரும் சிக்னலை அமுக்கிப் பிடிக்கும் ஒயர். சால்டர் எல்லாம் பளபளவென்று, இத்தனை வருடத்துக்கு அப்புறமும்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். பலகையில் சிவப்பு ஒயர் சப்ளை எடுக்கும் புள்ளியில் மீட்டரை வைத்தேன். 3.5 வோல்ட் பக்கம் காட்டியது. "சிப்புக்குச் சப்ளை போகிறது, சரி" என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு டேட்டா ஒயரில் லாஜிக் அனலைசரை மாட்டினேன். ஒரே நேர்கோடு. சப்ளை இருக்கிறது, பேச்சு இல்லை, ஆக சிப் செத்துவிட்டது. முடிவு கட்டியாயிற்று. இப்போது பிஎஸ்நீ என்ற திறந்த மூல நிரல் கிடைக்கிறது, அதை ஏடிடைனி85 என்ற சில்லில் ஏற்றினால் அதே வேலை செய்யும். சில்லுக்கு ஆர்டரும் போட்டேன். பழையதைப் பிடுங்கிக் குப்பையில் போடுவது என்று இருந்தேன்.

பிடுங்குவதற்கு முன்னால் ஒயர் போகும் வழியை போட்டோ எடுத்து வைப்பது என் பழக்கம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. சிவப்பு ஒயர் நேராகச் சிப்புக்குப் போகவில்லை. செட்டின் பின்பக்கம்வரை ஓடி, அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்குள் நுழைந்து, இன்னொரு சிவப்பு ஒயராகத் திரும்பி வந்து சிப்பின் காலைத் தொட்டது. டேப்பைப் பிரித்தேன். இரண்டு முனையும் சும்மா முறுக்கிவிடப்பட்டிருந்தன, சால்டர் இல்லை, செம்பு பச்சை பூத்திருந்தது. சிப்பின் முதல் காலிலேயே மீட்டரை வைத்துப் பார்த்தேன். பூஜ்யம்.

கிளம்புகிற இடத்தில் அளந்துவிட்டு, போய்ச்சேரும் இடத்தில் சரியாக இருக்கும் என்று நம்பியிருக்கிறேன். இதே தப்பைச் செய்யும் ஜூனியர்களை ஆபீஸில் எத்தனை பேரை வறுத்திருப்பேன்!

முனைகளைச் சுரண்டிச் சால்டர் வைத்தேன். அனலைசரில் 4 மில்லிசெகண்ட் கட்டங்கள் வரிசையாக வந்தன. எழுத்தாக மாற்றினால் எஸ், சி, இ, அதன் பிறகு ஒரு சுற்றில் ஐ, ஒரு சுற்றில் ஏ, ஒரு சுற்றில் இ. மூன்று பிரதேசத்தின் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. நகல் சிடி ஓடியது.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் பளபளவென்று சால்டர் வைக்கத் தெரிந்த மனிதர் இந்த ஒரு ஒயரை மட்டும் ஏன் பின்னால் வரை இழுத்து, முறுக்கி, டேப் ஒட்டினார்? செட்டின் பின்புறத்தை விளக்கில் பார்த்தேன். ஒயர் திரும்பும் இடத்துக்கு நேரே ஒரு வட்ட ஓட்டை போட்டு, எம்-சீல் வைத்து அடைத்து, சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தது. அங்கே ஏதோ இருந்திருக்கிறது. மதினிக்கு போன் போட்டேன்.

"அங்க ஒரு சுவிட்சுல்ல இருந்துச்சு" என்றார் உடனே. "அந்த டைனோசர் சிடியப் போட்டா மட்டும் செட்டு இங்கிலீசுல என்னமோ திட்டிட்டு நின்னுரும். அவுக ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒக்காந்து ஒயர எடுக்கிறதும் மாட்டுறதுமா இருப்பாக. அப்புறம் ஒரு சுவிட்சு வச்சாக. இந்தப் பயலுக போட்டுப் போட்டு ஒடச்சுட்டானுக. கோவத்துல புடுங்கிட்டு ஓட்டைய அடச்சுட்டாக."

டைனோசர் சிடி என்பது டினோ கிரைசிஸ். 1999-இல் வந்த கேம். அதன் அமெரிக்கப் பதிப்பு மாட்சிப் இருக்கிறதா என்று தானே சோதிக்கும். சோதனை எளிமையானது: நெளிவு இருப்பது சிடியின் தொடக்கப் பகுதியில் மட்டும்தான். கேம் லென்ஸை அதைத் தாண்டிய இடத்துக்கு அனுப்பிவிட்டு, இப்போது நான்கெழுத்து ஏதாவது கேட்கிறதா என்று டிரைவிடம் விசாரிக்கும். ஒரிஜினல் செட்டில் ஒன்றும் கேட்காது. அண்ணனின் சிப்போ நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கும் பழைய வகை. கேட்கக் கூடாத இடத்தில் கேட்டதும், இந்தக் கருவியில் கைவைத்திருக்கிறார்கள் என்று ஒரு திரை வந்து கேம் நின்றுவிடும். பின்னால் வந்த சிப்கள் வேலை முடிந்ததும் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டன. பழைய சிப் வைத்திருந்தவர்கள் உலகம் முழுக்கச் செய்த வைத்தியம், சப்ளையில் ஒரு சுவிட்ச்.

அண்ணன் அதை எங்கே தெரிந்துகொண்டார்? மதினி சொன்னதைப் பார்த்தால், தானே கண்டுபிடித்த மாதிரிதான் இருக்கிறது. எந்த நேரம் பேச வேண்டும், எந்த நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பதை, ஒயரை எடுத்தும் மாட்டியும் இரண்டு மணி வரை உட்கார்ந்து பிடித்திருக்கிறார். அனலைசர் கிடையாது. ஒரு மீட்டரும் சால்டரிங் அயர்னும்தான்.

இதற்குப் பிறகு சிடிகளைத் திரும்பப் பார்த்தேன். ஐந்து உறைகளில் மட்டும் மூலையில் மார்க்கரால் ஒரு வட்டம். முதலில் விலையோ வாடகைக் கணக்கோ என்று நினைத்திருந்தேன். டினோ கிரைசிஸ் உறையிலும் வட்டம் இருந்தது. ஐந்தில் இரண்டு படிக்கவே முடியாத அளவு கெட்டுப்போயிருந்தன. மீதி மூன்றைச் சிப் ஓடும் நிலையிலேயே போட்டேன். இரண்டு, திரையில் திட்டி நின்றன. சிவப்பு ஒயரை மறுபடி பிரித்து, கையால் தொட்டுப் பிடித்துக்கொண்டு தொடங்கி, கறுப்புத் திரையில் பிஎஸ் சின்னம் வந்ததும் விட்டேன். இரண்டும் ஓடின. மூன்றாவது எப்படிப் போட்டாலும் ஓடுகிறது. அதற்கு ஏன் வட்டம் என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

அவை எல்லாம் திருட்டுச் சிடிதானே என்று கேட்டால், ஆமாம். 2004-இல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருட்டைச் சேர்த்த மாநிலம் நம்முடையது. ஆனால் சிப் என்ற பொருள் வேறு கேள்வி. அது ஆஸ்திரேலியாவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. சிட்னியில் பிளேஸ்டேஷன் சிப் விற்ற எடி ஸ்டீவன்ஸ் மேல் சோனி வழக்குப் போட்டது. முதலில் அவர் ஜெயித்தார், மேல்முறையீட்டில் தோற்றார், 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். நீதிபதிகள் பிடித்த இடம் எனக்குப் பிடித்திருந்தது: இந்தப் பூட்டு நகலெடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த நகல் ஓடுவதைத்தான் தடுக்கிறது, அப்படியானால் அன்றைய சட்டம் சொன்ன பாதுகாப்புக் கருவி இது இல்லை. மேலே சொன்ன நெளிவைப் புரிந்துகொண்டால் அந்த வாதம் சட்டென்று விளங்கும். 2006-இல் அங்கே சட்டத்தையே மாற்றினார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பூட்டை மீறுவது பற்றிய 65ஏ பிரிவு 2012 திருத்தத்தில்தான் சேர்ந்தது. அதிலும், உரிமையை மீறும் நோக்கத்தோடு செய்தால்தான் குற்றம். அண்ணன் கடை நடத்திய நாளில் சிடி குற்றம், சிப்பைப் பற்றிச் சட்டத்தில் தனியாக ஒரு வரி இல்லை.

ஏடிடைனி சில்லு வந்து சேர்ந்தது. அது மேஜை டிராயரில் கிடக்கிறது. எஸ்பி ரோட்டில் சின்ன டாகிள் சுவிட்ச் ஒன்று வாங்கி வந்து, எம்-சீலைச் சுரண்டி, அதே ஓட்டையில் மாட்டினேன். அளவு சரியாக உட்கார்ந்தது. பொங்கலுக்குக் கொண்டுபோனபோது மதினியின் பேரன் முதலில் கேட்டது, "மாமா, இந்த சுவிட்ச் எதுக்கு?"

"பிஎஸ் சின்னம் வந்ததும் ஆஃப் பண்ணு. ரெண்டாவது சிடி மாத்தும்போது மறுபடி ஆன்."

"மெதுவாப் போடுல" என்றார் மதினி, அடுப்படியிலிருந்து.