ஆரணிக்குப் புடவை எடுக்கப் போனோம்

வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் முதல் சண்டை முகூர்த்தப் புடவையைப் பற்றித்தான் வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. சென்னையிலேயே ஒரு பெரிய கடையில் எடுத்துவிடலாம் என்றாள் மகள். காஞ்சிபுரம் என்றேன் நான். இருவர் யோசனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "ஆரணிக்குப் போகலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவளுடைய தாயாரின் கூறைப் புடவை ஆரணியில் எடுத்தது. அரக்கு நிறம். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் மடிப்பில் ஓர் இழை விடவில்லை. பீரோவில் சாட்சி இருக்கும்போது வழக்காட முடியுமா?

புடவைக் கடையில் ஆண்பிள்ளைக்கு உள்ள வேலை பணப்பையைக் காப்பது ஒன்றுதான். ஆகையால் நான் ஒரு நிபந்தனை போட்டேன். காலைப் பொழுது என்னுடையது. ஊரைச் சுற்றிப் பார்ப்போம். பிற்பகல் உங்களுடையது, வேண்டிய மட்டும் கடை ஏறி இறங்குங்கள்.

"ஆரணியில் பார்ப்பதற்கு என்னப்பா இருக்கிறது?" என்றாள் மகள்.

நியாயமான கேள்விதான். ஆரணிக்குப் பட்டெடுக்கப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஆரணியைப் பார்க்கப் போகிறவர்கள் அபூர்வம். பட்டை விட்டால் அரிசி. ஆரணி அரிசியை ஒரு மூட்டை வண்டியில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

காஞ்சிபுரத்துக்குப் பிரியும் சாலையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே தாண்டி, ஆற்காட்டு வழியாகப் போனோம். ஊருக்கு அருகில் ஓடுவது கமண்டல நாகநதி. நான் பார்த்தபோது தண்ணீரைக் காட்டிலும் மணல்தான் அதிகம். ஆற்றுக்கு அணியாக விளங்குவதால் ஆரணி என்று பெயர் வந்ததாக ஊர்க்காரர்கள் சொல்லுவார்கள். ஜமதக்னி முனிவரும் ரேணுகாதேவியும் வாழ்ந்த பூமி இது என்பார்கள். ரேணுகாம்பாள் கோயில் கொண்டிருக்கும் படவேடு பக்கத்தில்தான்.

முதலில் கோட்டைக்குப் போனோம். கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். மண்மேடும், அகழியின் அடையாளமும், கைலாசநாதர் கோயிலும், சில சர்க்கார் கட்டிடங்களுமே எஞ்சியிருக்கின்றன. ஆனால் இந்த மண்மேட்டுக்காக அடித்துக்கொண்டவர்களின் பட்டியல் லேசானதல்ல.

பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் தளபதியாகத் தெற்கே வந்தவர் ஷாஹாஜி போன்ஸ்லே, சத்ரபதி சிவாஜியின் தந்தை. அவர் காலத்திலேயே ஆரணிக் கோட்டை வேதாஜி பாஸ்கர் என்ற மராட்டிய அந்தணரின் பொறுப்பில் வந்துவிட்டது. 1677இல் சிவாஜி பெரும்படையோடு கர்நாடகத்துக்குள் புகுந்தார். வேதாஜி பாஸ்கர் வாளை உருவவில்லை. சாவிக்கொத்தைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தார். சிவாஜி அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தச் சாமர்த்தியத்தால் அவருடைய வம்சம் ஆரணி ஜாகீர்தார்களாகச் சுல்தான், நவாப், கம்பெனி என்று எல்லார் ஆட்சியையும் கடந்து இருபதாம் நூற்றாண்டு வரையில் நிலைத்தது.

ஊருக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. 1751இல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் முற்றுகையில் ஐம்பது நாள் தாக்குப்பிடித்த ராபர்ட் கிளைவ், முற்றுகை விலகியதும் மராட்டியக் குதிரைப்படையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபைத் துரத்தி வந்தான். டிசம்பர் 3ஆந் தேதி ஆரணிக்கருகில் சண்டை. ராஜா சாகிபும் அவருடைய பிரெஞ்சுத் துணைவர்களும் தோற்றார்கள். முப்பது வருஷத்துக்குப் பின் மறுபடியும் பீரங்கி முழங்கியது. ஹைதர் அலி தமது சேனைக்கான தளவாடங்களை ஆரணியில் குவித்து வைத்திருந்தார். அவற்றைக் குறிவைத்து சர் அயர் கூட் படை நடத்தி வந்தார். 1782 ஜூன் 2ஆந் தேதி நடந்த அந்தப் போரில் வெற்றி யாருக்கென்று தீர்ந்தபாடில்லை. கோட்டை மட்டும் ஹைதர் வசமே இருந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் ஹைதர் காலமாகிவிட்டார்.

கோட்டை மைதானத்தில் ஓர் உயரமான நினைவுத் தூண் நிற்கிறது. கர்னல் ராபர்ட் கெல்லி என்ற வெள்ளைக்காரத் தளபதிக்காக எழுப்பியது. திப்புவின் மேல் படை நடத்தப் புறப்பட்டவர், 1790இல் ஆரணியிலேயே கண்ணை மூடினார். தூணின் நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. ஊருக்குச் சற்று அப்பால் சத்தியவிஜயநகரத்தில் ஜாகீர்தார் அரண்மனை இருக்கிறது. பெரிய பெரிய தூண்கள், சிதிலமான சுவர்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ராஜாக்களின் கதை அதோடு முடிந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்த மகள், "இத்தனை சண்டையில் ஆரணிக்காரர்கள் ஒரு தரமாவது ஜெயித்தார்களா?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், ஜெயித்த கூட்டம் ஒன்று உண்டு. அது கோட்டைக்குள் இருக்கவில்லை. வீட்டுக்குள் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது.

ஆரணி என்றால் இன்று பட்டு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது பருத்தி. சென்னை ராஜதானியில் நெய்த வெள்ளை மஸ்லின் துணிகளில் ஆரணி மஸ்லினுக்குத் தனி மதிப்பு இருந்தது. லங்காஷயர் ஆலைத்துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது, நாட்டின் எத்தனையோ நெசவூர்கள் தறியைப் பிரித்து அடுப்பில் வைத்தன. மெல்லிய இழையில் பழகின ஆரணிக் கைகள் நாளடைவில் பருத்தியை விட்டுப் பட்டைப் பிடித்துக்கொண்டன. ஆரணிப் பட்டு கனமில்லாமல் உடம்போடு ஒட்டி நிற்கிறது என்று பெண்கள் சொல்லும்போதெல்லாம், அந்தப் பழைய மஸ்லினின் ஞாபகம் விரல்களில் இன்னும் மிச்சமிருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும்.

பட்டு நூல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து. மைசூர்ச் சீமையில் பட்டுப்புழு வளர்ப்புக்கு அஸ்திவாரம் போட்டவர் திப்பு சுல்தான். தகப்பனார் தளவாடம் குவித்த ஊருக்கு, பிள்ளை போட்ட அஸ்திவாரத்திலிருந்து இன்றும் நூல் வந்துகொண்டிருக்கிறது! இன்னொரு வேடிக்கை, அந்தப் புழுவில் பாதி ஜப்பான் புழு. மைசூர் நாட்டுப் புழுவோடு ஜப்பானிய வகையைக் கலந்து வளர்ப்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. 1991 முதல் ஜப்பானிய நிபுணர்களே மைசூருக்கு வந்து தங்கி, உயர்ந்த வகைப் புழு வளர்ப்பைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதைச் சொன்னதும் என் மனைவிக்குக் கியோட்டோ ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பையன் ஒஸாகாவில் வேலையாயிருந்தபோது நாங்கள் மூவரும் போய்ச் சில நாள் தங்கினோம். அதில் ஒரு நாள் கியோட்டோவுக்கு. காலையில் பொற்கோயில் பார்த்தோம். 1950இல் தீக்கிரையாகி 1955இல் மறுபடி எழும்பின கோயில் என்று நம்பவே முடியாது. குளத்தில் அதன் நிழல்கூடத் தகதகக்கிறது. பிற்பகலில் பையன் எங்களை நிஷிஜின் என்ற நெசவுப் பேட்டைக்கு அழைத்துப் போனான்.

நிஷிஜின் என்றால் மேற்குப் பாசறை என்று அர்த்தம். 1467 முதல் 1477 வரை பத்து வருஷம் கியோட்டோவைச் சாம்பலாக்கிய உள்நாட்டு யுத்தத்தில் மேற்குப் படை முகாம் போட்ட இடம் அது. சண்டை ஓய்ந்ததும், ஊரை விட்டு ஓடியிருந்த நெசவாளர்கள் திரும்பி வந்து அந்த இடத்தில் தறி போட்டார்கள். தளபதிகளின் பெயரைச் சரித்திரப் புஸ்தகத்தில் தேட வேண்டும். நிஷிஜின் பட்டை ஜப்பானில் அறியாதவர் இல்லை.

1869இல் சக்கரவர்த்தி தலைநகரை டோக்கியோவுக்கு மாற்றிக்கொண்டு போனபோது அந்தப் பேட்டைக்கும் கண்டம் வந்தது. அரண்மனை போனால் பட்டு வாங்க யார் இருக்கிறார்கள்? 1872இல் மூன்று பேரைக் கப்பலேற்றி, பிரான்சில் லியோன் நகருக்கு அனுப்பினார்கள். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலையைத் தானே எடுத்துக் கொடுக்கும் ஜக்கார்டு பெட்டியைக் கற்று வருவதற்காக. மூவரில் யோஷிதா சூஷிச்சி என்பவர் 1874இல் ஊர் திரும்பும்போது, ஜப்பான் கரையருகே கப்பல் உடைந்து மாண்டார். மற்ற இருவர் கொண்டு வந்த வித்தையால் நிஷிஜின் பிழைத்தது. நம் ஊர்த் தறிகளின் தலையில் உட்கார்ந்திருப்பதும் அதே லியோன் ஜக்கார்டின் வாரிசுதான்.

அங்கே ஒரு கூடத்தில் வயதான நெசவாளர் ஒருவர் நெய்துகாட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் கோயிலில் நிற்பதுபோல் நின்றோம். முடிந்ததும் என் மகள் குனிந்து வணங்கினாள். இடுப்பில் கட்டும் பட்டை ஒன்றின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த என் மனைவி, அதை வெகு மரியாதையாக இருந்த இடத்தில் வைத்துவிட்டு, சின்னப் பட்டுப் பை ஒன்று வாங்கிக்கொண்டாள். அந்த விலையைக் குறைத்துக் கேட்க எங்களில் யாருக்கும் நாக்கு எழவில்லை. அது ஞாபகமிருக்கட்டும்.

இனி ஆரணிக் கடைக்கு வருவோம். மூன்று மணி நேரத்தில் பாயெல்லாம் பட்டு. கடைசியில் மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்றில் தாயும் மகளும் ஒருமனப்பட்டார்கள். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அசல் பட்டுக்கும் கைத்தறிக்கும் தனித்தனி முத்திரைகள் உண்டு. சில சேலை வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் சட்டமும் வந்திருக்கிறது. இருந்தாலும் விசைத்தறிச் சேலை கைத்தறி வேஷம் போட்டுக்கொண்டு வருவது நின்றபாடில்லை. ஆகையால் முத்திரைகளைப் பார்த்தேன். பிறகு என் பங்குக்கு விலையைக் குறைத்தேன். அரைமணி நேரம் வாதாடி இரண்டாயிரம் ரூபாய் குறைத்தபோது, கிளைவ் ஆற்காட்டைக் காத்தபோதுகூட இவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மகள், "நெய்கிறதைப் பார்க்கலாமா?" என்றாள். விசாரித்துக்கொண்டு ஒரு தெருவுக்குள் நுழைந்தோம். இந்த ஊரில் மட்டுமல்ல, சுற்றிலும் ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் என்று எத்தனையோ ஊர்களில் தறி ஓடுகிறது. திண்ணையில் ஓர் அம்மாள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். "உள்ள வாங்கம்மா, பாருங்க" என்றாள். தறிக்குழியில் ஒரு பெரியவர். பக்கத்தில் அவருடைய தம்பி.

"பக்கத்துக்கு ஒரு ஆள் எதற்கு?" என்று கேட்டேன்.

"கோர்வைக் கரைங்க. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒவ்வொரு இழைக்கும் கரை நாடாவைக் கோத்து வாங்கணும். முன்னெல்லாம் வீட்டுப் பிள்ளைங்க நிக்கும். நானே ஏழு வயசுல நின்னவன். இப்ப என் பையன் இஞ்சினீயரிங் படிச்சிட்டு மெட்ராஸ்ல இருக்கான்."

"தறிக்கு வரவில்லையே என்று வருத்தமில்லையா?"

பெரியவர் மிதியிலிருந்து காலை எடுக்காமலே சிரித்தார். "நீங்க உங்க பிள்ளையை இந்தக் குழியில இறக்குவீங்களா?"

கலை அழிகிறதே என்று பத்திரிகையில் எழுதுவது சுலபம். ஏழு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போனதனால் ஒரு கலை அழியுமானால், குற்றம் பிள்ளையின் மேல் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தவனும் மனமுவந்து உட்காரும்படியான கூலி அந்தத் தறிக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

என் மனைவி புதுப் புடவையை எடுத்துக் காட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கரையில் விரலை ஓட்டினார். "யாரு நெய்ததோ, கோர்வை நல்லா விழுந்திருக்கு. ரெண்டு பேருக்குப் பதினைஞ்சு நாள் வேலை" என்றார். விலையைக் கேட்டார். சொன்னேன். இரண்டாயிரம் குறைத்த பிரதாபத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை. அந்த இரண்டாயிரம் கடைக்காரர் பெட்டியிலிருந்து வந்ததா, இந்த மாதிரி ஒரு குழியிலிருந்து வந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? கியோட்டோவில் எழாத நாக்கு ஆரணியில் மட்டும் ஏன் அப்படி எழுந்தது?

"அம்மா, ஒரு தரம் விரிச்சுக் காட்டுங்களேன்" என்றார் அவர். "நெய்ய நெய்யச் சுருட்டிக்கிட்டே போவோம். அறுக்கிறப்ப ஒரு தரம் முழுசாப் பார்க்கிறதுதான். கட்டி யாரையும் பார்த்ததில்லே."

மகள் முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சின்னக் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். பெரியவர் தறியை நிறுத்தினார். தம்பியும் எழுந்து நின்று பார்த்தார். தார் சுற்றின அம்மாள் வாசற்படியிலிருந்து, "மகாலட்சுமி மாதிரி இருக்கு" என்றாள்.

திரும்பும் வழியில் ஆற்காடு தாண்டுகிறவரையில் யாரும் பேசவில்லை. பிறகு என் மனைவி, "சம்பந்தி அம்மாளுக்கும் ஒன்று எடுக்க வேண்டுமே. அந்தப் பெரியவரிடமே நெய்யச் சொன்னால் என்ன?" என்றாள்.

"சொல்லலாம், ஆனால் அப்பா வரக்கூடாது" என்றாள் மகள்.